வளைகாப்போடு தொலைகிற ஒரு வரி

தாய் சேய் நல அட்டையில் ரத்தப் பரிசோதனைக்கென்று ஒரு பகுதி உண்டு. ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை என்று வரிசையாக இறங்கி வந்து, கடைசியில் மூன்று தொற்றுகள் நிற்கும்: எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். (சிஃபிலிஸ்), எச்.பி.எஸ்.ஏஜி. (ஹெபடைடிஸ் பி). மூன்றுக்கும் ஒரே நாளில்தான் ரத்தம் எடுக்கிறார்கள். ஆனால் மூன்றுக்குப் பின்னும் ஒரே அளவு ஆள் நிற்பதில்லை. எச்.ஐ.வி. வரியில் பாசிட்டிவ் வந்தால் ஆலோசகர் வருவார், ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையம் வரும், மாத்திரை வரும், குழந்தைக்கு எத்தனை வாரம் என்ன சொட்டு மருந்து என்பது வரை பின்தொடர ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்ட நாளிலிருந்து பயமும் பணமும் சேர்ந்து கட்டியெழுப்பிய ஏற்பாடு அது. சிஃபிலிஸ் வரிக்கு வைத்தியம் எளிது. தொடக்கநிலை என்றால் பென்ஸத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஒரே தடவை. எப்போது தொற்றியது என்று தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று. முதல் ஊசி பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே விழுந்துவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மூன்றாவது வரிதான், ஈரலைத் தாக்கும் காமாலைக் கிருமியின் வரிதான், என்னை வெகுநாளாக உறுத்துகிறது. ஹெபடைடிஸ் பி. அதைப் பரிசோதிக்கிறோம், முடிவை எழுதுகிறோம், சில இடங்களில் சிவப்பு மையில் வட்டம்கூடப் போடுகிறோம். எழுதியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

இந்த வைரஸின் குணத்தைப் பார்த்தால் அந்த அலட்சியம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். வளர்ந்தவருக்குத் தொற்றினால் 100 பேரில் 95 பேருக்குமேல் உடம்பே விரட்டிவிடும். பிறக்கும் நேரத்தில் தொற்றினால் கணக்கு தலைகீழ்: 100 குழந்தைகளில் சுமார் 90 பேருக்கு அது ஆயுள்காலத் தொற்றாகத் தங்கிவிடுகிறது. தங்கினாலும் குழந்தைக்குக் காய்ச்சல் வராது, கண் மஞ்சளாகாது, பால் நன்றாகக் குடிக்கும், எடை ஏறும். முப்பது, நாற்பது வருடம் கழித்து ஈரல் சுருக்கமோ ஈரல் புற்றுநோயோ வரும்போது, பிரசவ அறையில் நழுவிய ஓர் ஊசியை யாரும் நினைத்துப் பார்க்கப் போவதில்லை. பிழை நடக்கும் இடத்துக்கும் அதன் பலன் தெரியும் இடத்துக்கும் நடுவே ஒரு தலைமுறை இடைவெளி இருந்தால், எந்த அலுவலகக் கூட்டத்திலும் அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

தாயிடமும் நோய்க்குறி எதுவும் வெளியே தெரியாது. அதனால்தான் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "காமாலைன்னா கண்ணு மஞ்சளா இருக்கணுமே நர்ஸம்மா? இவ நல்லாத்தானே இருக்கா?" என்பது. மாமியார் கேட்பதில் தப்பில்லை. நம் ஊரில் காமாலை என்றால் மஞ்சள் கண், கீழாநெல்லி, உப்பில்லாத பத்தியம். அந்த மூன்றும் இல்லாத ஒரு காமாலைக் கிருமியை எப்படிப் புரியவைப்பது? கீழாநெல்லியைப் பத்து நாள் அரைத்துக் குடித்துவிட்டு "சரியாப் போச்சு" என்று அடுத்த மாதப் பரிசோதனைக்கு வராமலே போனவர்கள் உண்டு. சரியாகப் போக அங்கே நோய்க்குறி என்று எதுவும் இருந்திருக்காது.

கோடு மங்கலாக இருந்தாலும் கோடுதான்

முதல் தவறு பரிசோதனை மேசையிலேயே நடக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் பயன்படுவது கார்டு டெஸ்ட். சின்ன பிளாஸ்டிக் பட்டை, ஒரு குழி, ஒரு ஜன்னல். குழியில் மாதிரியை விட்டால் அது ஊறி ஜன்னல் வழியாக நகரும். 'சி' இடத்தில் கோடு விழவேண்டும். விழாவிட்டால் பட்டை செல்லாது, வேறு பட்டையில் மறுபடி பார்க்கவேண்டும். 'டி' இடத்திலும் கோடு விழுந்தால் பாசிட்டிவ். சிக்கல் எங்கே என்றால், 'டி' கோடு சில சமயம் பென்சிலால் இழுத்து அழித்த மாதிரி மங்கலாக விழும். அந்த நாளின் நாற்பதாவது பட்டையைப் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாமல் போகும், அல்லது தெரிந்தும் "லேசாத்தானே இருக்கு" என்று நெகட்டிவ் பக்கம் சாயும். மங்கல் கோடும் கோடுதான். அதைப் பாசிட்டிவ் என்றே வைத்து, எலைசா என்ற ஆய்வகச் சோதனைக்கு ரத்தம் அனுப்பவேண்டும்.

நேரமும் முக்கியம். பெட்டிக்குள் இருக்கும் தாளில் 15 நிமிடம் என்றோ 20 நிமிடம் என்றோ போட்டிருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முன்னாடியே பார்த்தால் கோடு வந்திருக்காது. சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், காய்ந்த பட்டையில் இல்லாத கோடு இருப்பதுபோல் தெரியும். பெரும்பாலான பட்டைகளை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். வேலூரிலோ கரூரிலோ மே மாதத்தில் ஃபேன் மட்டும் ஓடும் ஆய்வக அறையில் மதியம் எத்தனை டிகிரி என்று நான் சொல்லத் தேவையில்லை. இன்னொரு சின்ன விஷயம்: அண்மையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்ணுக்கு, ஊசியிலிருக்கும் அதே புரதம் ரத்தத்தில் ஓடுவதால் இரண்டு, இரண்டரை வாரம் வரை பொய்யான பாசிட்டிவ் வரலாம். நர்சிங் மாணவிகளும் லேப் ஊழியர்களும் கர்ப்பிணியாக வரும்போது "சமீபத்துல ஊசி போட்டியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

(பழைய லேப் சீட்டுகளில் இதே சோதனைக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று அச்சடித்திருப்பார்கள். 1965-இல் பாருக் பிளம்பெர்க் இந்தப் புரதத்தை ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியின் ரத்தத்தைக் கொண்டு அடையாளம் கண்டதால் வந்த பெயர். அதைப் படித்துவிட்டு "நாங்க வெளிநாடே போனதில்லையே" என்று சண்டைக்கு வந்தால் சிரிக்காமல் விளக்கவேண்டியிருக்கும்.)

ஏழாம் மாதம்

பாசிட்டிவ் என்று உறுதியானால் அடுத்து என்ன என்பதில்தான் என் வழக்கு முழுவதும் இருக்கிறது. தாயின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்கவேண்டும். எச்.பி.வி. டி.என்.ஏ. அளவு மில்லிக்கு 2 லட்சம் யூனிட் அல்லது அதற்கு மேல் இருந்தால், குழந்தைக்கு ஊசி மட்டும் போட்டுக் காப்பாற்ற முடியாத வாய்ப்பு கூடிவிடுகிறது. பிறந்தவுடன் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) சேர்த்துக் கொடுத்தாலும், வைரஸ் அளவு மிக அதிகமான தாய்மார்களின் குழந்தைகளில் ஒரு பங்கினருக்குத் தொற்றிவிடுகிறது. அந்த மிச்சத்தை அடைக்கத்தான் டெனோஃபோவிர் என்ற வைரஸ் தடுப்பு மருந்து 300 மில்லிகிராம், தினம் ஒரு மாத்திரை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது 28-ஆவது வாரத்திலிருந்து குறைந்தது பிரசவம் வரை. 2024-இல் அதை இரண்டாவது மும்மாதத்திலேயே தொடங்கலாம் என்று முன்னுக்கு இழுத்தது. டி.என்.ஏ. சோதனை கிடைக்காத இடத்தில் எச்.பி.இ.ஏஜி என்ற இன்னொரு ரத்தச் சோதனை பார்த்து முடிவெடுக்கலாம். முன்னதாகத் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் எளிது. கோடிக்கணக்கில் இருக்கும் வைரஸ் இறங்க நாளாகும். பிரசவத்துக்கு நான்கு வாரமாவது முன்னால் தொடங்கியிருக்கவேண்டும், எட்டு பன்னிரண்டு வாரம் கிடைத்தால் நிம்மதி. 38-ஆவது வாரத்தில் கொடுத்த மாத்திரை பெரும்பாலும் எழுதியவர் மனத்திருப்திக்குத்தான்.

இப்போது அந்த 28-ஆவது வாரம் நம் ஊரில் எந்த நாள் என்று யோசியுங்கள். ஏழாம் மாதம். வளைகாப்பு. கண்ணாடி வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சாதம் கட்டி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகும் காலம். சிலர் ஒன்பதில் செய்வார்கள், ஆனாலும் தலைப்பிரசவம் என்றால் பல குடும்பங்களில் பெண் கிளம்பிவிடுவாள். ஆத்தூரில் வாக்கப்பட்ட ஒரு பெண்ணின் தாய்வீடு அரூர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாதம் ரத்தம் எடுத்தது ஆத்தூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். எலைசா பார்த்தது சேலம். டி.என்.ஏ. முடிவு வந்து சேர்வதற்குள் பெண் அரூரில் இருக்கிறாள். ஆத்தூர் நர்ஸம்மா கணக்கில் அவள் 'பிரசவத்துக்குத் தாய்வீடு சென்றுவிட்டார்'. அரூர் நர்ஸம்மா கணக்கில் அவள் 'புதிய வரவு', அட்டையைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாகிவிட்டது. பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) ஒன்றுதான், கணினியில் இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும் என்பார்கள். தெரியும்தான். திறந்து பார்க்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும் என்பதுதான் கேள்வி. டெனோஃபோவிரோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ உள்ள ஹெபடைடிஸ் சிகிச்சை மையத்தில் இருக்கும். 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அது இலவசம். ஆனால் இலவச மாத்திரை பஸ் ஏறித் தானாக வராது.

நோய்த்தடுப்பு உடைவது பரிசோதனையில் என்று நம் பயிற்சி வகுப்புகள் நினைக்கின்றன. என் கணக்கில் உடைவது இந்த பஸ் பயணத்தில். வளைகாப்பு நாளைக் குறித்தவுடன் ஜோசியரிடம் நேரம் கேட்பதுபோல் நர்ஸம்மாவிடமும் ஒரு வார்த்தை சொன்னால், அவர் அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரை (வி.எச்.என்.) போனில் பிடித்து, "அக்கா, நம்ம பொண்ணு ஒண்ணு உங்க ஏரியாவுக்கு வருது, ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ், டி.என்.ஏ. ரிசல்ட் வரணும், இம்யூனோகுளோபுலின் இருக்கிற ஆஸ்பத்திரியிலதான் பிரசவம் பார்க்கணும்" என்று சொல்லிவிட முடியும். இரண்டு நிமிடப் பேச்சு. அதற்கான கட்டம் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் நல்ல நர்ஸ் செய்கிறார், மற்றவர் விடுகிறார்.

தாய்வீட்டைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. முடிவு பாசிட்டிவ் என்றதும் குடும்பத்தின் கண் கணவன் பக்கமோ, இன்னும் மோசமாகப் பெண்ணின் நடத்தை பக்கமோ போகும். இந்தியா முழுக்க ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அட்டவணைக்கு வந்ததே 2011-இல்தான். ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்த பென்டாவேலன்ட் (ஐந்து நோய்த் தடுப்பு) ஊசி அந்த ஆண்டு டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் தொடங்கியது. இன்று தலைப்பிரசவத்துக்கு வரும் பெண்கள் அதற்கு முன் பிறந்தவர்கள். பலருக்கு இந்தக் கிருமி அவர்கள் பிறந்தபோதோ தவழும் வயதிலோ வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே கணவனைப் பரிசோதிப்பதோடு நிறுத்தாமல், அவளுடைய அம்மாவையும் கூடப்பிறந்தவர்களையும் பார்க்கவேண்டும். இரண்டாவது பிரசவம் என்றால், மூத்த குழந்தையைப் பார்த்தாயிற்றா என்று கேட்கவேண்டும். பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். நெகட்டிவ் வந்த பெரியவர்களுக்கு 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி.

புதன்கிழமைக்குக் காத்திராத ஊசி

அட்டை தொலைந்தது, போன் போகவில்லை, மாத்திரையும் கிடைக்கவில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு வலியெடுத்து ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவம். அப்போதும் கையில் ஒன்று மிச்சம் இருக்கிறது: ஹெபடைடிஸ் பி பிறப்புத் தவணை. 0.5 மில்லி, தொடையின் முன்பக்க வெளிப்புறத் தசையில், பிறந்த 24 மணி நேரத்துக்குள். தாய் பாசிட்டிவ் என்று தெரிந்தால் மற்றத் தொடையில் தனி சிரிஞ்சில் இம்யூனோகுளோபுலின் 100 யூனிட், முடிந்தால் 12 மணி நேரத்துக்குள். குத்துவதற்கு முன் குழந்தையின் தொடையில் ஒட்டியிருக்கும் தாயின் ரத்தத்தைச் சுத்தமாகத் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஊசி முனையே கிருமியை உள்ளே கொண்டுபோகும். தடுப்பூசியின் அழகு என்னவென்றால், தாயின் முடிவு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எல்லாக் குழந்தைக்கும் ஒன்றுதான். காகிதத்தை நம்பாத ஊசி அது.

தைவான் இந்தப் பாடத்தைச் சீக்கிரமே கற்றது. 1984 ஜூலையில் பாசிட்டிவ் தாய்மார்களின் குழந்தைகளுக்கு மட்டும் என்று தொடங்கி, இரண்டே ஆண்டில், 1986-இல், பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று மாற்றிக்கொண்டது. "அம்மாவுக்கு நெகட்டிவ், பிறகு எதுக்கு சார் ஊசி?" என்று இன்றும் கேட்கும் படித்த அப்பாக்களுக்கு நான் சொல்வது இதுதான்: நெகட்டிவ் என்பது மூன்றாம் மாதத்து ஒரு பட்டையின் ஒரு மதியத்து முடிவு. மங்கல் கோடு தவறியிருக்கலாம், அதற்குப் பிறகு தொற்றியிருக்கலாம், வீட்டில் குழந்தையைத் தூக்கப்போகும் வேறொருவருக்கு இருக்கலாம். உலர்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் ஏழு நாள் உயிரோடிருக்கும்.

இவ்வளவு எளிய ஊசி ஏன் தவறுகிறது? புதன்கிழமை காரணமாக. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன் தடுப்பூசி நாள். பி.சி.ஜி. மருந்தைக் கரைத்தால் நான்கு மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடவேண்டும், அதனால் நாலைந்து குழந்தைகள் சேரட்டும் என்று புதனுக்குத் தள்ளுகிறார்கள். அது புரிகிறது. ஆனால் கூடவே ஹெபடைடிஸ் பி-யும் தள்ளப்படுகிறது. வியாழன் பிறந்த குழந்தைக்கு அடுத்த புதன் ஆறாம் நாள். அரசு அட்டவணைப்படி 24 மணி தாண்டினால் பிறப்புத் தவணை கிடையாது, நேராக ஆறாவது வாரம் பென்டாவேலன்ட்தான். இந்தப் பத்து டோஸ் குப்பியைத் திறந்தால் வீணாகும் என்ற பயமும் பழைய பயம். திறந்த குப்பியை நான்கு வாரம் வரை வைத்துப் பயன்படுத்தலாம். திறந்த தேதியும் நேரமும் குப்பியில் எழுதியிருக்கவேண்டும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது, குப்பியில் ஒட்டிய வெப்பங்காட்டியான வி.வி.எம். சதுரம் சுற்றியுள்ள வட்டத்தைவிட வெளிறியிருக்கவேண்டும், ரப்பர் மூடி தண்ணீரில் முங்கியிருக்கக் கூடாது, மருந்து உறைந்திருக்கக் கூடாது.

கடைசியாகச் சொன்னதுதான் சத்தமில்லாமல் ஏமாற்றுவது. வெயிலுக்குப் பயந்து தடுப்பூசியைப் பனிக்கட்டியோடு ஒட்டி வைப்பார்கள். போலியோ சொட்டு மருந்துக்கு அது சரி. ஹெபடைடிஸ் பி ஊசியில் அலுமினிய உப்பு இருக்கிறது. சுழியத்துக்குக் கீழே அரை டிகிரி போனாலே உறைந்து உப்புத் திரிந்துவிடும், உருகிய பிறகு பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வி.வி.எம். வெப்பத்தைத்தான் காட்டும், குளிரைக் காட்டாது. சந்தேகம் வந்தால் அதே கம்பெனி, அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, இரண்டையும் குலுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். சந்தேகக் குப்பியிலும் வண்டல் அதே வேகத்தில் அடியில் இறங்கினால் குப்பைக்கு. குழந்தைக்குப் போட்டதாகப் பதிவாகி, உள்ளே தண்ணீர் மட்டும் போன ஊசி அதுதான்.

இதற்கெல்லாம் எனக்குத் தெரிந்த நல்ல வைத்தியம் வைட்டமின் கே. ரத்தக்கசிவைத் தடுக்கப் பிறந்தவுடன் போடும் அந்த 1 மில்லிகிராம் ஊசி பெரும்பாலும் தவறுவதில்லை, ஏனென்றால் அது லேபர் வார்டு ட்ரேயில் இருக்கிறது, பிரசவம் பார்த்த நர்ஸே போடுகிறார். ஹெபடைடிஸ் பி குப்பியோ ஐ.எல்.ஆர். (தடுப்பூசிக் குளிர்பெட்டி) அறையில், ஐ.எல்.ஆர். அறை பூட்டில், சாவி ஃபார்மசிஸ்ட் வீட்டில். பிரசவ அறையிலேயே 2 முதல் 8 டிகிரியில் ஒரு குப்பி இருக்கும்படி செய்து, இரண்டு ஊசியும் ஒரே கை போடும் வேலையாக்கிய இடங்களில் ஞாயிற்றுக்கிழமைக் குழந்தைக்கும் திங்கட்கிழமைக் குழந்தைக்கும் வித்தியாசம் இருக்காது. எடை குறைந்த குழந்தை என்று தள்ளிப்போடவும் வேண்டாம். 2 கிலோவுக்குக் கீழ் என்றால் அந்தத் தவணையைக் கணக்கில் சேர்க்காமல் பிறகு மூன்று போடவேண்டும். நம் அட்டவணையில் 6, 10, 14 வாரங்களில் எப்படியும் மூன்று வந்துவிடுகிறது.

கையுறையும் கட்டிலும்

வலியோடு வந்த பெண்ணின் அட்டையில் சிவப்பு வட்டத்தைப் பார்த்ததும் "இங்க வசதி இல்லம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்று ஆட்டோ ஏற்றிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த வட்டம் இல்லாத பெண்ணுக்கும் அதே கையுறை, அதே ஏப்ரன், அதே கண்ணாடி, ரத்தம் சிந்தினால் அதே 1 சதவீத ஹைப்போகுளோரைட், மூடி போடாமல் நேராகக் கூர்முனைக் கழிவுப் பெட்டிக்குப் போகும் அதே ஊசி என்று இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஊழியர்கள் மூன்று தவணை ஊசி போட்டிருக்கிறார்களா என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும். இந்தக் கிருமிக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. தனிக் கட்டில், தனித் தட்டு தேவையில்லை. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்வது பெரும் பாவம். ஊசி போட்ட குழந்தை தாராளமாகத் தாய்ப்பால் குடிக்கலாம், தாய் டெனோஃபோவிர் சாப்பிட்டாலும் குடிக்கலாம்.

பிரசவம் முடிந்ததும் குழந்தை தடுப்பூசி அட்டைக்கு மாறிவிடுகிறது, தாய் எந்த அட்டையிலும் இல்லை. மாத்திரையை நிறுத்திய பிறகு அவள் ஈரல் திடீரென்று சீறலாம். ஆறு மாதம் வரை எஸ்.ஜி.பி.டி. (ஈரல் ரத்தச் சோதனை) பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், அதற்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஈரல் பரிசோதனை ஆயுளுக்கும் உண்டு. குழந்தைக்காகத்தான் அவளைப் பரிசோதித்தோம் என்பதுபோல் நடந்துகொள்கிறோம். குழந்தைக்குத் தொற்றியதா என்பதையும் பலர் பார்ப்பதில்லை. பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். 9 முதல் 12 மாதத்துக்குள் எச்.பி.எஸ்.ஏஜி-யும் எதிர்ப்புச்சக்தி அளவும் பார்க்கவேண்டும். எதிர்ப்புச்சக்தி மில்லிக்கு 10 மில்லி இன்டர்நேஷனல் யூனிட் அல்லது அதற்கு மேல் இருந்தால் காப்பு கிடைத்துவிட்டது. ஒன்பது மாதம் முடிந்ததும் எப்படியும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு அந்தக் குழந்தை வரும். அதற்குள் பெண் தாய்வீட்டிலிருந்து ஆத்தூருக்குத் திரும்பியிருப்பாள், மறுபடியும் பழைய நர்ஸம்மா. தடுப்பூசி அட்டையில் அந்த ஊசியின் கட்டத்துக்குப் பக்கத்தில், ஆறாவது வாரமே, பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்தால் போதும்: 'ரத்தம் எடுக்க — குழந்தைக்கும், அம்மாவுக்கும்.'